காயலான் கடைக்குப் போவதற்கு முன்...



மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் "கல்லூரி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதேன்" என்றார்கள். கேன்டீன் டீ, கட் அடித்துப் பார்த்த மேட்னி ஷோ, பரீட்சைக்கு முந்தின ராத்திரிக் காய்ச்சல் இவற்றையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுத இந்த மலரில் பலர் இருக்கிறார்கள். நான் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரைப் பற்றி எழுதுகிறேன். மூன்று வருடம் அந்த ஊர் வழியாகத்தான் நாம் கல்லூரிக்கு வந்து போனோம். அதை எத்தனை பேர் நின்று பார்த்தோம்?

நான் பொறியாளன். துறைமுகச் சுவர், கடலரிப்புத் தடுப்பு என்று கல்லோடும் மணலோடும் பிழைப்பு. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. நம் பழைய மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்துக்கென்று ஒரு வரலாற்றுக் காட்சிக்கு வேண்டிய பொருட்களைத் தேடிப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஓர் அறை கொள்ளும் அளவு காட்சி. அறை இன்னும் கிடைக்கவில்லை. பட்டியல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பட்டியலின் கதைதான் இது.

எங்கே நம் பொருட்கள்?

"சென்னையில் இல்லாத மியூசியமா? புதுசா எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் அதன் முதல் பொறுப்பாளர். முதலில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் கல்லும் கனிமமும்தான். கோட்டை அருங்காட்சியகம் 1948இல் திறக்கப்பட்டது. அங்கே வாள், துப்பாக்கி, நாணயம், கவர்னர்களின் ஓவியங்கள், காரன்வாலிஸ் சிலை எல்லாம் இருக்கின்றன. பெரம்பூர்ப் பக்கம் 2002இல் ரயில் அருங்காட்சியகம் வந்தது. எல்லாமே நல்ல இடங்கள். குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டியவை.

ஆனால் அங்கெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கவர்னரின் கோட்டு இருக்கிறது. அந்தக் கோட்டுக்குத் துணி வெளுத்தவரின் பொருள் ஏதாவது இருக்கிறதா? ரயில் இன்ஜின் இருக்கிறது. அதற்குக் கரி அள்ளிப் போட்டவரின் சாப்பாட்டுத் தூக்கு இருக்கிறதா? இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பொருட்களை யாரும் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதில்லை. அவை நேராகக் காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. கிலோ கணக்கில் எடை போட்டதும் அதோடு அந்தப் பொருளின் கதை முடிந்தது.

ஆகவே எங்கள் பட்டியலுக்கு நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். வடசென்னையைப் பற்றி மற்றவர் எழுதிவைத்தது இரண்டாவது. வடசென்னைக்காரர் கையில் பிடித்தது முதலாவது.

நாற்பது சொல்

பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் காட்சி ஆகிவிடாது. பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டும். பார்க்க வருபவர் நின்றுகொண்டே படிப்பவர். பின்னால் குழந்தை "போலாம்பா" என்று இழுத்துக்கொண்டிருக்கும். ஆகையால் ஒரு குறிப்புக்கு நாற்பது சொல்தான் என்று வைத்துக்கொண்டோம். எழுதிப் பார்த்தால்தான் தெரியும் அதன் கஷ்டம். நாற்பது பக்கம் எழுதுவது சுலபம். "கருதப்படுகிறது", "சொல்லப்படுகிறது" என்று மழுப்பிக்கொண்டே போகலாம். நாற்பது சொல்லில் மழுப்ப இடமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அச்சடித்து வைத்தால் ஜனங்கள் அதை நம்பிவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

முதல் சிக்கல் எங்கள் ஊர்ப் பெயரிலேயே வந்தது.

தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். ராமநாதபுரம் சீமையில் தொண்டிக்குப் பக்கத்தில் உள்ள குணங்குடியிலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே வாழ்ந்தார். மக்கள் அவரைத் தொண்டியார் என்று அழைத்தார்கள். அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆகி, பிறகு தண்டையார்பேட்டை ஆயிற்று. கேட்க அழகாக இருக்கிறது. சாதி மதம் பாராமல் சீடர்கள் அவரிடம் வந்தார்கள் என்பதும் உண்மை.

ஆனால் தேதிதான் உதைக்கிறது. மஸ்தான் சாகிபு 1792இல் பிறந்து 1838இல் மறைந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய மூன்று கிராமங்கள் கிடைத்ததோ 1693இல்! ஞானி பிறப்பதற்கு ஏறக்குறைய 100 வருடம் முன்பே ஊர் இருந்திருக்கிறது, இதே பெயருக்கு நெருக்கமான ஒரு பெயரோடு.

இதைக் குறிப்பில் எப்படி எழுதுவது? "மக்கள் சொல்வது தவறு" என்று போடலாம். அது அகங்காரம். தேதியை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் போடலாம். அது பொய். எங்களுக்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை. கடைசியில் தர்காவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பெரியவரிடமே போய்க் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "தம்பி, பேரு முன்னாடி வந்துச்சா பின்னாடி வந்துச்சான்னு நீங்க படிச்சவங்க பாருங்க. அவர் வந்தப்புறம் ஜனங்க இந்தப் பேரை அவர் பேராத்தான் சொல்லிட்டு வர்றாங்க. அதையும் சேத்து எழுதுங்க" என்றார்.

அவர் சொன்னபடியே எழுதினோம்: "இந்த ஊர் 1693ஆம் ஆண்டுக் கம்பெனிப் பதிவுகளிலேயே வருகிறது. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு (1792 - 1838) இங்கு வாழ்ந்தார். அவரால்தான் ஊருக்குப் பெயர் வந்தது என்பது மக்கள் நம்பிக்கை. இன்றும் இவ்வூரார் அவரைத் தொண்டியார் என்றே நினைவுகூர்கிறார்கள்." எண்ணிப் பாருங்கள், நாற்பதுக்குள் வந்துவிட்டது. ஆவணம் சொல்வதும் இருக்கிறது, மக்கள் சொல்வதும் இருக்கிறது. எது எது என்று படிப்பவருக்குத் தெரிகிறது.

துணியால் பிறந்த ஊர்

1639இல் கம்பெனிக்காரர்கள் இந்த மணல் திட்டில் வந்து இறங்கியதற்கு முக்கியக் காரணம் துணி. இங்கே பருத்தித் துணி நல்லதாகவும் மலிவாகவும் கிடைத்தது. துணி என்றால் நெய்பவர் மட்டும் போதாது. வெளுப்பவர் வேண்டும், சாயம் போடுபவர் வேண்டும். வெளுக்க நல்ல தண்ணீரும் காயப்போடத் திறந்தவெளியும் வேண்டும். அப்படி வந்ததுதான் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூருக்கு அருகே நெசவாளர்களைக் குடியேற்றினார். காலட்பேட்டை என்ற அந்த ஊர் மக்கள் வாயில் புகுந்து காலாடிப்பேட்டை ஆகிவிட்டது. வெட்டியாகச் சுற்றுபவனைக் காலாடி என்பார்கள் அல்லவா, அதை வைத்து அந்த ஊர்ப் பையன்களைக் கிண்டல் செய்த சீனியர்கள் இதைப் படித்தால் இப்போதாவது திருந்தட்டும்!

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டது. அதன் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலாடிப்பேட்டை, திருவொற்றியூர்த் தேரடி, விம்கோ நகர். சலவை, ஞானி, வரி, நெசவு, கோவில், தீப்பெட்டிக் கம்பெனி! டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினால் முந்நூறு வருடச் சரித்திரத்தை அரை மணிக்குள் பார்த்துவிடலாம். நடுவில் வரும் தேரடி மட்டும் இன்னும் பழசு. திருவொற்றியூர் தியாகராஜர் கோவிலின் கருவறை விமானம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் கட்டப்பட்டது. அதன் கல்வெட்டுகளை நாம் தூக்கிக்கொண்டு வர முடியாது. மைப்படி எடுத்து வைக்கலாம். கோட்டை கட்டுவதற்கு 600 வருடம் முன்பே இங்கே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெரிய ஊர் இருந்தது என்று நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள அந்த ஒரு காகிதம் போதும்.

ரயிலும் மணலும்

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அது. பம்பாயில் 1853இலும் ஹவுராவில் 1854இலும் அதற்கு முன்பே ரயில் ஓடியிருந்தாலும், அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டிடங்கள் இன்று அங்கே இல்லை. ஆகவே நாட்டில் இன்னும் நிற்கிற மிகப் பழைய ஸ்டேஷன் நம்முடையதுதான். கவனிப்பாரற்றுக் கிடந்த அதை 2005இல் பழுது பார்த்தார்கள். கட்டிடமே ஒரு காட்சிப்பொருள். நாம் பெட்டியில் வைக்க அங்கே வேலை செய்த போர்ட்டரின் பித்தளை வில்லை ஒன்று கிடைத்தால் போதும்.

என் தொழிலைச் சேர்ந்தது அடுத்த காட்சி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகள்தான் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். இன்றைய பொறியியல் மாணவன் ஒரு செமஸ்டர் படிக்கிற விஷயம் அது. நம் மீனவரின் கட்டுமரமோ ஆங்கில அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, துறைமுகச் சுவர் வேலை தொடங்கியது. 1881 புயலில் கட்டியதில் பெரும்பகுதி சேதமானது. மறுபடி கட்டினார்கள். நம் கடற்கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக மோதுகிறது. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலைக் கரையோடு நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வருடத்துக்கு லட்சக்கணக்கான டன் மணல் வடக்கே போகிறது. ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்த இந்த மணலுக்குக் குறுக்கே நாம் ஒரு சுவர் எழுப்பிவிட்டோம்.

என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது. கோட்டைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கடல் பின்வாங்கியது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884 வாக்கில் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். உலகமே புகழும் அந்த அகலமான மணற்பரப்பு அப்படி வளர்ந்ததுதான். வடக்கே மணல் வரத்து நின்றது. ஆனால் கடல் எடுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை வருடா வருடம் உள்ளே வந்தது. பல நூறு மீட்டர் நிலம், தெருக்கள், குப்பங்கள் எல்லாம் போயின. பிறகு கல் கொட்டினோம், தூண்டில் வளைவு போட்டோம். குப்பத்துப் பெரியவர்கள் தண்ணீரைக் காட்டி "அதோ, அந்த அலை மடங்குது பாரு, அங்கதான் எங்க ஆயா வூடு இருந்துச்சு" என்பார்கள். அது மிகையில்லை. பழைய நகர வரைபடத்தை இன்றைய கரைக்கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியாக இருக்கிறது.

இதற்கு நாங்கள் யோசித்திருக்கும் காட்சி எளிமையானது. ஒரு நீளக் கண்ணாடித் தொட்டி, மணல், தண்ணீர், கையால் ஆட்டும் ஒரு பலகை, நடுவே ஒரு தடுப்பு. பள்ளிப் பையன் பத்து நிமிடம் ஆட்டினால் ஒரு பக்கம் மெரினாவும் இன்னொரு பக்கம் ராயபுரமும் அவன் கண் முன்னால் உருவாகும். யாரையும் திட்ட வேண்டாம். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிற ஒவ்வொருவரும் அந்த மணல் யார் வாசலில் இருந்து வந்திருக்க வேண்டியது என்று ஒரு நிமிடம் நினைத்தால் போதும்.

எம்டன் வந்த ராத்திரி

1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. ஏறத்தாழ 130 குண்டுகள் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ஊர் காலியாயிற்று. அதன் நினைவாக உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் ஒரு கல் பதித்திருக்கிறது. பொல்லாதவனை "சரியான எம்டன்டா அவன்" என்று சொல்லும் வழக்கமும் நின்றுவிட்டது. 2006இல் ஒரு சினிமாவுக்கே எம்டன் மகன் என்று பெயர் வைத்தார்கள், பிறகு எம் மகன் என்று மாற்றினார்கள்.

இதிலும் குறிப்பு எழுதுவதில் ஒரு தகராறு. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எம்டன் 1914 ஜூலை கடைசியில் சீனக் கரையிலுள்ள சிங்டாவை விட்டுக் கிளம்பியது. செண்பகராமன் அந்த ஆண்டு ஸ்விட்சர்லாந்தில் ஜூரிக் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை நடத்திக்கொண்டிருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். ஒரே ஆள் இரண்டு கடலில் இருக்க முடியாது. அவர் பெருமைக்கு இந்தக் கப்பல் கதை தேவையுமில்லை. அவர் ஐரோப்பாவில் செய்த வேலையே போதும். குறிப்பில் அதைத்தான் எழுதினோம்.

மில் சங்கு

பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில்லை நம் தாத்தாக்கள் "பின்னி மில்" என்பார்கள். அந்த மில்லின் காக்கித் துணி நாடு முழுக்கப் போயிற்று. 1918 ஏப்ரல் 27 அன்று அந்தத் தொழிலாளர்களுக்காகத்தான் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தொடங்கிவைக்க, பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. தோள் கொடுத்தார். மில் 1996இல் மூடப்பட்டது.

அங்கே வேலை பார்த்த ஒருவர் தன் டிபன் தூக்கைக் கொடுத்தார். அடியில் டோக்கன் நம்பர் ஆணியால் கீறியிருந்தது. "இன்னாத்துக்கு தம்பி இது? ஓட்டை விழுந்துது" என்றார். "அதான் ஐயா வேணும்" என்றோம். சிரித்தார். பிறகு, மில் சங்கு ஒவ்வொரு ஷிப்டுக்கும் எப்படி ஊதும் என்று வாயாலேயே ஊதிக் காட்டினார். அதையும் போனில் பதிவு செய்துகொண்டோம். அந்தச் சத்தத்தை இனி வேறெங்கும் கேட்க முடியாது.

சங்கத்தின் பெருமையை மட்டும் வைத்தால் அரைச் சரித்திரம்தான். 1921 பெரிய வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களுக்குள்ளேயே பிளவு வந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, அது சாதிச் சண்டையாக மாறிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. "நல்ல விஷயத்தை மட்டும் வையுங்க சார்" என்று எங்களுக்குச் சிலர் ஆலோசனை சொன்னார்கள். நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளில் அந்த இரண்டு தரப்புப் பேரப்பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனின் தாத்தா கதையை வைத்து இன்னொருவனின் தாத்தா கதையை விட்டால் அது நம் வட்டாரத்து அறை ஆகாது. இரண்டையும் வைக்கிறோம், ஒரே பெட்டியில்.

நேற்று நடந்ததும் சரித்திரம்தான்

1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் வந்த என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் தயாரித்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அந்த மின்சாரத்தில் சென்னையே விளக்கேற்றியது. சாம்பல் மட்டும் எண்ணூர்க்காரர் வீட்டுத் துணிக்கொடியில் வந்து உட்கார்ந்தது.

பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த பொருள் ஒரு மீன்வலைத் துண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது கறுத்துப்போன வலை அது. "இது சரித்திரமா?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். 1914இல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டி எரிந்தது சரித்திரம் என்றால் 2023இல் ஆற்றில் எண்ணெய் மிதந்ததும் சரித்திரம்தான். நூறு வருடம் காத்திருந்தால் வலை மக்கிப்போய்விடும்.

வெளியூர்ப் பாடம் ஒன்று

இப்படி ஓர் ஊர் தானே தன் காட்சியை அமைத்துக்கொண்டதற்குத் தென்னாப்பிரிக்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது. கேப் டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பேட்டை. பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த உழைப்பாளிகளின் இடம், நம் ராயபுரம் மாதிரி. 1966இல் அன்றைய நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கான பகுதி என்று அறிவித்து 60,000க்கும் மேற்பட்டவர்களை அப்புறப்படுத்தியது. வீடுகளை இடித்துத் தள்ளியது. 1994இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். தரை முழுக்கப் பேட்டையின் தெரு வரைபடத்தை விரித்தார்கள். பழைய குடியிருப்போர் வந்து குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். தெருப் பெயர்ப்பலகைகள் எப்படிக் கிடைத்தன தெரியுமா? இடிப்பு வேலை பார்த்த ஒருவர் அவற்றை வீசி எறியாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்!

நம் பக்கத்திலும் கடல் கொண்ட தெருக்கள் உண்டு. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் உண்டு. எங்கள் அறையின் தரைக்கும் ஒரு வரைபடம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பெயர் எழுதத்தான் ஆள் வேண்டும்.

உங்களிடம் கேட்பது

நிதி கேட்கப் போகிறான் என்று நினைத்தீர்களா? இல்லை. உங்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை பார்க்கச் சொல்கிறேன். அப்பாவின் துறைமுக நுழைவுச் சீட்டு, தாத்தாவின் மில் டோக்கன், ஆயாவின் மீன்கூடை, சங்க ரசீது, சம்பளச் சீட்டு, கம்பெனி முன்னால் எடுத்த குரூப் போட்டோ எதுவானாலும் சரி, காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

சில யோசனைகள், பொறியாளன் என்ற முறையில். துரு பிடித்த இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்து போவது பல சமயம் முத்திரையும் நம்பரும்தான். கடற்காற்றில் உப்பு இருப்பதால் இரும்பு ஈரமில்லாத இடத்தில் இருக்கட்டும். பழைய காகிதத்துக்கு லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஒட்டிய பசை சில வருடத்தில் காகிதத்தையே தின்றுவிடும். துணியையும் போட்டோவையும் வெயில் படாமல் வையுங்கள். அருங்காட்சியகங்களில் அவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதிப்பார்கள். அது நம் வீட்டு ஜீரோ வாட் பல்பு சமாசாரம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு துண்டுக் காகிதம். இது யாருடையது, எந்த வருடம், எங்கே, எப்படிப் பயன்பட்டது, யார் சொன்னது. இந்த ஐந்தையும் எழுதிப் பொருளோடு வைத்துவிடுங்கள். அது இல்லாத தூக்கு வெறும் அலுமினியம். பொருளைக் கொடுக்க மனமில்லையா, வேண்டாம். ஒரு போட்டோவும் அந்தக் காகிதமும் போதும். எங்கள் பதிவேட்டில் அன்பளிப்புக்கு ஒரு பத்தி, இரவலுக்கு ஒரு பத்தி, படம் மட்டும் என்பதற்கு ஒரு பத்தி இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் வரிசை எண் போட்டு, கொடுத்தவர் கையெழுத்து வாங்கி, ரசீது தருகிறோம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மில் மூடும்போது 30 வயதாக இருந்தவருக்கு இன்று 60 ஆகிறது. 50 வயதாக இருந்தவருக்கு 80. அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில வருடங்களே இருக்கின்றன. உங்கள் கையில் போன் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே அந்தப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். அவர் கதை சொல்லும்போது மறக்காமல் வருடத்தைக் கேளுங்கள். வருடம் நினைவில்லை என்றால், "அந்தப் புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா" என்று கேளுங்கள். வருடம் தானாக வந்துவிடும்.

அறை ஒரு நாள் கிடைக்கத்தான் போகிறது. கிடைக்கும் அன்று உள்ளே வைக்கப் பொருள் இருக்க வேண்டும், பொருளுக்குப் பக்கத்தில் நாற்பது சொல் இருக்க வேண்டும். அந்த நாற்பது சொல்லையும் இந்த ஊர்க்காரர்களே எழுதியிருக்க வேண்டும்.